ரெண்டே ரெண்டு வருஷம்

போன திங்கட்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நான் ஒரு கிளாஸ் பால் குடித்தேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்கள் இந்நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். நானாவது, காலையில் பாலாவது! டீ உள்ளே போகாவிட்டால் சொந்தப் பெயரே மறந்துபோகிற ஆசாமி நான். என்ன செய்வது... அந்தப் பால் எனக்கு வந்ததும் இல்லை.

குடியிருப்பு அஜ்மானில், ஆபீஸ் துபாயில். காதர் பாயின் கார் லிஃப்டில்தான் போக வர. காதர் பாய் காயல்பட்டினத்துக்காரர். துபாயில் மொபைல் கடை வைத்திருக்கிறார். போகிற வழியில் எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போவார், சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவார். அஜ்மானைத் தாண்டுவதற்கு முன் ஒரு கஃபட்டீரியா. காரை விட்டு இறங்க வேண்டாம், ஹாரன் அடித்தால் கடைக்கார மலையாளிச் சேட்டன் ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுப்பார். எட்டு மாதமாக ஒரே ஆர்டர். ரெண்டு கரக் டீ, ஒரு பால்.

திங்கட்கிழமையும் அதேதான் வந்தது. காதர் பாய் பாலை வாங்கி, திரும்பிப் பார்க்காமலே பின்சீட்டுக்கு நீட்டினார். வாங்க ஆள் இல்லை. நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

“அட... தம்பிதான் போயிட்டாப்லேல்ல” என்றார். கொட்ட மனசு வரவில்லை. வாங்கி நான் குடித்தேன்.

அந்தத் தம்பியின் பெயர் சாமுவேல். நாங்கள் கூப்பிடுவது சாம். வயது இருபத்துமூன்று. பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அஜ்மானில். துபாயில் ஒரு கார்கோ கம்பெனியில் வேலை. அப்பா செல்வம் ஜெயங்கொண்டம் பக்கம். இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். நெற்றியில் விபூதி இல்லாமல் வெல்டிங் மிஷினைத் தொட மாட்டார். அம்மா ரூத், கோயம்புத்தூர். செல்வம் அங்கே வேலை பார்த்த காலத்தில் பழக்கமாகி, வளைகுடாவிலிருந்து முதல் லீவில் போனபோது கல்யாணம். ரூத் வீட்டில் மார்மன் சபைக்காரர்கள். கிறிஸ்தவத்திலேயே அது ஒரு தனிப் பிரிவு. சிகரெட், மது கிடையாது... சரி, நல்லது. டீயும் காபியும்கூடக் கிடையாது! அதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

சாம் அம்மா வழி. செல்வம் வாரா வாரம் இருவரையும் ஜெபத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடிகிறவரை காரில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒரு சண்டை கிடையாது. பார்க்கிங் கிடைக்காதது தவிர.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்வம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“அண்ணே, நீங்க எழுதுற ஆளு. நீங்க சொன்னா கேப்பான். மிஷனரியா போறேங்கிறான்ணே. வேலைய விட்டுட்டு. சம்பளம் கிடையாதாம். நடுவுல லீவு கிடையாதாம். முழுசா ரெண்டு வருஷம்!”

“எந்த ஊருக்கு?”

“அத அவன் கேக்கக்கூட முடியாதாம். எங்க போகணும்னு அவங்கதான் லெட்டர் அனுப்புவாங்களாம். வந்துருச்சு. பிலிப்பைன்ஸ்.”

சிரிக்கக் கூடாதுதான். சிரித்துவிட்டேன். பாதிப் பிலிப்பைன்ஸ் இங்கேதானே இருக்கிறது! ஆஸ்பத்திரியில் அவர்கள், சலூனில் அவர்கள், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவது அவர்கள். அங்கே இருப்பவர்கள் எல்லாம் பிழைக்க இங்கே வருகிறார்கள், நம் பிள்ளை சம்பளம் இல்லாமல் வேலை பார்க்க அங்கே போகிறானா?

“சிரிக்காதீங்கண்ணே” என்றார் செல்வம். “ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா விசா காலி. திரும்பி வர்றப்ப இருபத்தஞ்சு முடிஞ்சிரும், என் விசாவுலயும் ஒட்ட வைக்க முடியாது. பொறந்த ஊருக்கே விசிட் விசாவுல வரணும். வேல கிடைக்கலன்னா? ஜெயங்கொண்டம் போவானா? அங்க அவனுக்கு யாரத் தெரியும்?”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே பிள்ளை பெற்ற எல்லாருடைய வயிற்றிலும் உட்கார்ந்திருக்கிற பயம் அது. நமக்காவது போக ஓர் ஊர் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இந்த ஊர்தான் ஊர். ஆனால் அதற்கும் ஒரு காலாவதி தேதி உண்டு.

பேசிப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாளே காரில் ஆரம்பித்தேன். விசா சட்டம், ஆறு மாசக் கணக்கு, இந்தக் காலத்தில் வேலை கிடைக்கிற லட்சணம் — எல்லாவற்றையும் கரக் டீ ஆறுகிறவரை எடுத்துச் சொன்னேன். சாம் பொறுமையாகக் கேட்டான்.

“தெரியும் அங்கிள். விசா பேப்பர் போடுற டைப்பிங் சென்டர்ல நானே போய்க் கேட்டேன். நீங்க சொல்றதுல ஒரு பாயின்ட் மட்டும் தப்பு. மத்ததெல்லாம் கரெக்ட்.”

தப்பைத் திருத்தியும் விட்டான். எனக்கு அன்று ஆபீசில் வேலை ஓடவில்லை.

அடுத்து, சாமி விஷயத்தில் மடக்கலாம் என்று பார்த்தேன். வீட்டில் இருந்தே கும்பிட்டால் ஆகாதா? கடவுள் மணிலாவில்தான் இருக்கிறாரா? அவன் தலையசைத்து மறுத்தான்.

“சாரி அங்கிள். இங்க அதப் பத்தி நான் பேச மாட்டேன். இந்த நாட்டு ரூல். எங்க சர்ச்லயும் ஸ்ட்ரிக்ட்டா சொல்லிருக்காங்க.”

மதம் பரப்பப் போகிறவன், மதத்தைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறான்! இவனோடு எப்படிச் சண்டை போடுவது?

“சரிப்பா, அதை விடு. அங்கே போய் நாள் முழுக்க என்னதான் செய்வே? அதையாவது சொல்லலாமா?”

சொன்னான். காலையில் ஆறரைக்கு எழுந்தாக வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, கொஞ்சம் படிப்பு, அந்த ஊர் பாஷை. பிறகு வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெயர் எழுதிய பேட்ஜ் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் ராத்திரிவரை நடை. பேசச் சம்மதிக்கிறவர்களோடு பேசுவார்கள். யாராவது வீட்டுக்கு ஓடு மாற்றினால் ஏறிக் கை கொடுப்பார்கள். பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சினிமா இல்லை, காதல் கீதல் இல்லை. தனியாக எங்கேயும் போகக் கூடாது, எப்போதும் கூட ஓர் ஆள். அந்த ஆளை இவன் தேர்ந்தெடுக்க முடியாது, எந்த நாட்டுக்காரனாகவும் இருப்பான். ஒத்துப்போகிறதோ இல்லையோ, ஒரே ரூம், அவன் சமைப்பதை இவன் சாப்பிட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் ஓய்வு. அன்றைக்குத்தான் துணி துவைப்பது, முடி வெட்டுவது, சாமான் வாங்குவது, வீட்டுக்கு ஒரு போன்.

இதற்கெல்லாம் மேலே, அங்கே இவனை ‘எல்டர்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். பெரியவரே! மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைத்திருக்கிறது. சிரிக்க வாயெடுத்தவன், மாலை போட்ட ஐந்து வயதுப் பொடியனை ‘வாங்க சாமி’ என்று கூப்பிட்டவன்தானே நானும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் காதர் பாய் மூடவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“ஏ தம்பி, இது நம்ம லேபர் கேம்ப் வாழ்க்கைல்ல! ஊர் பேர் தெரியாதவனோட ஒரே ரூம், அவன் வச்ச கறி, கழுத்துல ஐடி கார்டு, ஆஃப் நாள்ல துணி, வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு போனு... இதத்தான வந்த காலத்துல நாங்க செஞ்சோம்?” பிறகு சிரிப்பு அடங்கி, “கதவத் தட்டுறதும் எனக்குத் தெரியும். ஊர்ல நாப்பது நாள் ஜமாத்துல, தொழுகைக்குக் கூப்பிட வீடு வீடாப் போயிருக்கேன். பாதி வீட்ல, ‘வீட்ல ஆளில்ல’ன்னு உள்ள இருந்தே ஆளு சொல்லும். அதுக்குக் கோவப்படக் கூடாது, தெரியுமா?” என்றார்.

“தெரியும் அங்கிள்” என்ற சாம், பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து என்னிடம் கேட்டான். “நீங்க இங்க வர்றப்ப எத்தனை வருஷத்துக்குன்னு வந்தீங்க?”

ஷார்ஜா டிராஃபிக்கில் கார் நின்றுகொண்டிருந்தது. பதில் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை.

“ரெண்டு வருஷம்” என்றேன். வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

“எனக்கும் ரெண்டுதான். அக்காவ கட்டிக் கொடுத்துட்டுத் திரும்பிரலாம்னு” என்றார் காதர் பாய். அந்த அக்காவுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

“அப்பாவும் அதான் சொன்னாராம்” என்றான் சாம். அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. கலாஸ்! அன்றோடு என் வக்கீல் தொழில் முடிந்தது.

தோற்றுப்போனதைச் செல்வத்திடம் சொல்ல வேண்டுமே! அடுத்த ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்காரவைத்துவிட்டார்கள். ரூத் பரிமாற, சாம் எனக்கு எதிரே. நான் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போது செல்வமே மகனிடம் பேச்சை எடுத்தார்.

“போற எடத்துல இருக்கறப்ப, எனக்கோ அம்மாவுக்கோ ஏதாச்சும் ஆச்சுன்னா... வருவியா?”

சாம் கை சோற்றிலேயே நின்றது. “வீட்டுக்குத் திரும்பிப் போறதும் போகாததும் நம்ம இஷ்டம்னு சொல்வாங்கப்பா. ஆனா நிறையப் பேர் போகாம முடிச்சிட்டுத்தான் வருவாங்க.”

செல்வம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கதை எனக்குத் தெரியும். முதல் காண்ட்ராக்ட். வந்து பதினாலாம் மாசம் ஊரில் அம்மா செத்துப்போனார்கள். விசா கொடுத்த முதலாளி, அதாவது கஃபீலின் ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நின்றார். பாஸ்போர்ட் அவர்கள் கையில். ‘லீவு மாஃபி’, லீவு கிடையாது என்ற ஒரே பதில். மறுநாள் டூட்டிக்குப் போய் வெல்டிங் கண்ணாடிக்குள்ளேயே அழுதுவிட்டு வந்தார். இதை எனக்கு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மகனுக்குச் சொன்னதே இல்லை. அன்று சொன்னார். சுருக்கமாக, நாலே வரியில்.

“என்னை அவங்க விடல. ஒன்னை யாரும் புடிச்சு வைக்கல. நீயா வராம இருந்தா அத என்னால தாங்க முடியாதுடா.”

“வருவேன்பா.” யோசிக்கவே இல்லை அவன். “கண்டிப்பா வருவேன். பாதியில விட்டாலும் பரவால்ல.”

ரூத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்வம் எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்தவர் குரல் மாறியிருந்தது.

“வேண்டாம். வருவேன்னு சொல்லிட்டேல்ல, அது போதும். முழுசா முடிச்சிட்டு வா.”

நான் டம்ளரை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தேன். ரசம் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன்பிறகு செல்வத்தைப் பிடிக்க முடியவில்லை. பேச்சிலர் வாழ்க்கையில் பட்டம் வாங்கிய மனிதர் அல்லவா! மகனுக்குப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. ஒரே குக்கரில் சாதமும் பருப்பும் வைப்பது. வெள்ளைச் சட்டைக் காலரை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்ப்பது. ரூம்காரனோடு சண்டை வந்தால் அன்றைக்குச் சமையலை நீயே செய்துவிடு, பாதிச் சண்டை போய்விடும். வாரத்துக்கு ஒரு போன் என்றால் ரெண்டு வருஷத்துக்கு நூற்றுநாலு போன் என்று கணக்கும் போட்டுவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏர்போர்ட்டில் வழியனுப்பினோம். விசாவை அதற்கு முன்பே கேன்சல் செய்தாயிற்று. வெள்ளைச் சட்டையும் டையுமாக நின்ற சாம், பிறந்த ஊரைவிட்டு வெறும் பாஸ்போர்ட்டோடு உள்ளே போனான். கண்ணாடிக் கதவு மூடியபிறகும் செல்வம் கை ஆட்டிக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்து அவனுக்கு இங்கே வேலை கிடைக்குமா? தெரியாது. விசா? அதுவும் தெரியாது. நாங்கள் வந்தபோது எங்களுக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது? ஒரு வித்தியாசம் உண்டு. நாங்கள் வயிற்றுக்காக வந்தோம். அவனை அவன் நம்பிக்கை அனுப்பியிருக்கிறது. பேட்டரி வேறு வேறு, ஓடுகிற ஓட்டம் ஒன்றுதான்.

புதன்கிழமை முதல் போன் வந்தது. சாயங்காலம் கார் லிஃப்டிலிருந்து இறங்கும்போது செல்வம் எனக்காக வாசலில் காத்திருந்தார். முகத்தில் பாதிச் சிரிப்பு, பாதி அழுகை.

“நான் ஒண்ணுமே கேக்கலண்ணே. ஹலோன்னதும் அவனே, ‘நல்லா இருக்கேன், நல்லா சாப்புடுறேன், நல்லா தூங்குறேன்’னு ஒரே மூச்சுல சொல்லிட்டான்.”

“நல்லதுதானேய்யா?”

“என்ன நல்லது! முதல் காண்ட்ராக்ட்ல ஊருக்குப் போன் பண்ணி, வார்த்த மாறாம நான் சொன்ன பொய்ண்ணே அது.”

மார்மன் மிஷனரிகள் பொய்யே சொல்லக் கூடாதாம். இந்த ஒரு பொய்யை மட்டும் கடவுள் கணக்கில் வைக்க மாட்டார் — வைத்தால், வளைகுடாவிலிருந்து ஒருத்தரும் சொர்க்கம் போக முடியாது!