பஸ்ஸில் கிடைத்த தீவுத் தோழி

இன்று திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் வரும்போது மகள் போன் செய்தாள்.

"அம்மா, அந்தமான்ல ஒரு சின்னத் தீவுல நமக்கு வீடு புக் பண்ணிட்டேன். சமையல் மட்டும் நாமளே பண்ணிக்கணும்."

சந்தோஷத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. "சமையக்கட்டுக் கதவை சாத்தியே வைக்கணும்டி. எண்பத்தஞ்சுல நானும் உங்கப்பாவும் அங்க தங்கினப்போ, மான் உள்ள பூந்து கீரையெல்லாம் தின்னுடுச்சு."

முன்சீட்டிலிருந்த பெண்மணி திரும்பினார். "முள்ளங்கியையும் தின்னுச்சுங்க. அப்புறம் எங்க ரூம்லதான் சாப்பிட்டீங்க."

மெஹருன்னிசா!

அன்று பக்கத்து அறையில் கணவரோடு தங்கியிருந்தவர். விடியற்காலையில் எங்கள் கதவைத் தட்டி, ஆமைக்குஞ்சுகள் கடலுக்கு ஓடுவதைக் காட்டியவர். அவர் கணவருக்குப் போர்ட் பிளேரில் வேலை. பிறகு மாற்றலாகிப் போனதில் தொடர்பே விட்டுப்போனது.

"நீங்க எப்படிங்க இந்தப் பக்கம்?" என்றேன்.

"பொண்ணைக் கீழ்பென்னாத்தூர்லதான் குடுத்திருக்கேன். இப்ப அவகூடத்தான் இருக்கேன்."

நான் இருக்கும் திருவண்ணாமலைக்கு இத்தனை பக்கத்திலா! அவர் கையை நான் விடவே இல்லை. போனில் மகள், "யாரும்மா அது?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு ரூமும் சேத்துப் போடுடி" என்றேன்.

பஸ்ஸில் மெதுவாகப் பேசச் சொல்லி என்னைத் திட்டும் நண்பர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?