இரண்டு நாள் தூரம்

நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசியவள் இல்லை நான். ஷூ கம்பெனியில் அத்தனை வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தும், சூப்பர்வைசர் எது கேட்டாலும் தலையை ஆட்டியதோடு சரி. அப்படிப்பட்ட நான், பெற்ற பிள்ளையை ஊரறிய ஒரு வார்த்தை சொன்னேன். இன்றைக்கும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

அவன் அப்பா போன அன்று விடிந்ததுமே போன் போட்டோம். ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட்டில் அவனுக்கு வேலை.

"ரெண்டு பிளேன் மாறணும்மா. வந்து சேர ரெண்டு நாள் ஆவும். அவ்ளோ நேரம் வெக்காதீங்க, எடுத்துடுங்க."

ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்க நான் தயாராகத்தான் இருந்தேன். பிள்ளையே சொன்ன பிறகு என்ன செய்வது? சாயங்காலமே எடுத்தோம். கொள்ளி வைத்தது என் கொழுந்தன் மகன். தோல் கம்பெனியில் ஈரத்தோல் சுமக்கிறவன். "நாறுது, தள்ளி உக்காருடா" என்று சின்ன வயசிலிருந்தே என் மகன் அவனை விரட்டுவான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, எங்கள் கம்பெனிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு டீ கொடுப்பவள்.

"உன் பையன் ஊர்லேர்ந்து ஷூ வாங்கற பையர் ஒருத்தர் வந்துக்கிறாருக்கா. நேத்து காலையில அங்க ஏறி, ராத்திரியே மெட்ராஸ்ல எறங்கிட்டாராம். இன்னிக்கு மத்தியானம் நம்ம ஊரு பிரியாணி சாப்ட்டு, காரம் தாங்காம கண்ணுல தண்ணி!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நேரா வர்ற பிளேன் இருக்குதா?" என்று கேட்டேன்.

"கீதேக்கா. அதுலதான் எப்பவும் வர்றாரு."

எவனோ ஒரு வெள்ளைக்காரன் எங்கள் ஊருக்கு வந்து கண் கலங்குகிறான். அன்று என் மகன் ஏறியிருந்தால் மறுநாள் விடிவதற்குள் அப்பா முகத்தைப் பார்த்திருப்பான்.

காரியத்துக்கு முதல் நாள் வந்து இறங்கினான். மறுநாள் பந்தலில் என் தம்பி, வாரிசுக்குக் கட்டும் தலைப்பாகைத் துணியை எடுத்து, "வாடா மாப்ள, உக்காரு" என்று அவனைக் கூப்பிட்டான்.

"அவனுக்கு வேணாம் தம்பி. கொள்ளி வெச்ச தலைக்குக் கட்டு" என்றேன்.

தம்பி துணியோடு என் பக்கம் திரும்பினான்.

"இன்னாக்கா இது, பெத்த புள்ள எதுர்ல நிக்கறான்..."

"பெத்தவதான் சொல்றேன்."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா" என்றான் மகன். அப்புறம் கிட்டே வந்து, "லீவு கெடைக்கலம்மா" என்று முணுமுணுத்தான்.

"லீவு இல்லன்னு சொல்லியிருந்தா உனக்கே கட்டச் சொல்லியிருப்பேன். தூரம்னு சொன்ன. அந்தத் தூரத்துலயே நில்லு."

கொழுந்தன் மகன் மணையில் உட்கார்ந்து தலை குனிந்தான். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான், ஆனாலும் தோல் வாடை போகவில்லை. எனக்கு அது அன்று சந்தனமாக மணந்தது.

பொழுது சாயும்போது மகன் பெட்டியை எடுத்தான்.

"எப்படா போய்ச் சேருவ?"

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போய்டுவேன்" என்றவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

பத்திரமாகப் போ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.