நான் தேடாத சித்தி

அவிநாசி பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. குழந்தை இல்லை. எங்களிடம் தைத்துக்கொண்டிருந்த ஒடிசாப் பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். அப்பாவும் இல்லாத அவளுடைய நான்கு வயது மகள் மினியை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

"குழந்தைகள் நல ஆபீஸ்ல சொல்லிப்போடலாம்" என்றார் கணவர். குழந்தையைக் கூட்டிப் போய்விடுவார்களோ என்று பயந்து நான் தள்ளிப்போட்டேன்.

பள்ளியில் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோதுதான், வேறு வழியின்றி வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பித்தோம். மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். ஆனால் வீட்டைப் பார்க்க வந்த பெண் அதிகாரி, "இந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களான்னு தேடினீங்களா?" என்று கேட்டார்.

கரூரில் தங்கை இருப்பதாக மினியின் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். "தெரியுமுங்க. நாந்தான் தேடலீங்க" என்று அழுதேன்.

அதிகாரிகள் அந்தத் தங்கையைக் கண்டுபிடித்தார்கள். அக்காவின் போன் நின்றதிலிருந்து, போட்டோவோடு காதர்பேட்டை பனியன் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்ட மினி விடவேயில்லை. மினியைக் கூட்டிக்கொண்டு புறப்படும்போது சித்தி என் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றி அக்கா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நடந்ததை மறைக்காமல் சொல்லி, பிறகு வேறு குழந்தைகளைத் தற்காலிகமாக வளர்க்க முறைப்படி அனுமதி பெற்றோம். இப்போது எங்களிடம் வளரும் சிறுமியின் அப்பா சிகிச்சையில் இருக்கிறார். ஞாயிறுதோறும் அவரிடம் நானே கூட்டிப்போகிறேன். "எங்க ஊட்டுக்கு எப்பப் போலாம்?" என்று அவள் கேட்டால், "அப்பாவுக்குச் சரியானதும் போலாம் கண்ணு" என்று முகம் மாறாமல் சொல்லப் பழகிவருகிறேன்.