திருமணமான நிலக்கடலை

என் முனைவர் பட்ட ஆய்வு நிலக்கடலை விற்பனை பற்றியது, எங்கள் பக்கத்து மல்லாட்டைதான். இருநூறு பக்கம் எழுதிவிட்டேன். அதை ஒரே பக்கத்தில் சுருக்கத்தான் வரவில்லை. நெறியாளர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

நேற்று சீனியர் அண்ணன் தன்னுடைய ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பினார். அது செவிலியர்களின் பணிச்சுமை பற்றியது.

“எதுக்கு பேஜாரு? செவிலியர்னு வர்ற எடத்துல எல்லாம் நிலக்கடலைன்னு மாத்திடு. நம்ம டிபார்ட்மென்ட்ல எல்லாரும் இத வெச்சிக்கினுதான் ஓட்டறோம்.”

மாற்றினேன். படிக்காமலே நெறியாளருக்கு அனுப்பினேன்.

இன்று விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறிய பிறகுதான் படித்தேன். ‘இரவுப் பணி பார்க்கும் நிலக்கடலைகளுக்குக் குடும்பத்துடன் செலவிட நேரம் கிடைப்பதில்லை.’

பதறிப்போய் போனை எடுத்தால், நெறியாளரே கூப்பிட்டார்.

“படிச்சேம்மா. பிரமாதம். ஒரே ஒரு குறை.”

“தெரியும் சார், நானே சொல்லணும்னு...”

“திருமணமான நிலக்கடலை, ஆகாத நிலக்கடலைன்னு ஒப்பீடு இல்ல. ஒரு வரி சேத்து சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. கையெழுத்து போட்டுடறேன்.”

“சரிங்க சார்.”

அவர் குரல் பஸ்ஸுக்கே கேட்டிருக்கிறது. அவித்த மல்லாட்டைப் பையோடு பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்: “மல்லாட்டைக்கா கல்யாணம்?”

“கையெழுத்து போடறேன்றாருக்கா.”

பாவப்பட்டு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். உரித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே ஓட்டுக்குள் இரண்டிரண்டாகத்தான் இருக்கின்றன.

தனியாக வாழும் நிலக்கடலை யாருக்காவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். சாயங்காலம் வரைதான் நேரம்.