தலைத்தீபாவளிக்கு ஒரு ஸ்கோப்

வெள்ளைக்கார மருமகன் பூங்கொத்தோடு வருவான் என்றுதான் எங்கள் மற்றச் சனம் நினைக்கும். எங்கள் ஜாக் தோலுரித்த முயலோடு வருகிறான். மகள் கலியாணம் முடித்துப் போனது ஒரு பண்ணை வீட்டுக்கு. பயிரைத் தின்னும் முயலையும் சின்ன மானையும் சுடுவது அவர்களுக்கு அன்றாட வேலை. ஊரில் சண்டைக் காலத்தில் துவக்குச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடி வளர்ந்த எனக்கு இன்னும் அது பழகவில்லை.

தலைத்தீபாவளி வந்தது. மருமகனுக்கு மோதிரம் போடவேண்டும். "அவர் மோதிரம் போடமாட்டார் அப்பா. துவக்கிலை பூட்டிற, தூரத்தைக் கிட்டக் காட்டிற ஸ்கோப் ஒண்டு வாங்கிக் குடுங்கோ" என்றாள் மகள். அதையும் மாமனார்தான் தெரிவுசெய்ய வேண்டும் என்று ஜாக் அடம்பிடித்தான். கோழி உரிப்பதையே பார்க்காத நான் ஜாக்கோடு லண்டன் விளிம்பில் இருந்த ஒரு துவக்குக் கடைக்குள் ஏறினேன்.

கடைக்காரர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். வெட்டவெளி முயலுக்கு உருப்பெருக்கம் கூட வேண்டும். காட்டோரத்து மானுக்கு அது கூடினால் மானையே தேடிப் பிடிக்க ஏலாது. இரண்டுக்கும் சேர்த்து, மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றக்கூடியது நல்லது என்றார். "எதைச் சுடுகிறோம் என்று நிச்சயம் தெரியாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது" என்று சொல்லி ஒன்றை எடுத்து நீட்டினார். யன்னலால் தெருக்கோடியைப் பார்த்தேன். பஸ் தரிப்பில் ஒரு பெண், மடித்த கறுப்புக் குடையோடு நின்றாள்.

ஊரில் என் அண்ணையும் அப்படியொரு குடையோடுதான் பிள்ளைக்கு மருந்து வாங்கப் போனார். வயல்வெளிக்கு அப்பால் இருந்த சென்றிக் காவலரணிலிருந்து சினைப்பர்காரன் சுட்டான். "தூரத்திலை குடையைத் துவக்கெண்டு நினைச்சுப்போட்டான்" என்று செத்தவீட்டில் யாரோ சொன்னார்கள். அண்ணி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நடந்தார். இப்போது எங்களோடு இருக்கிறார். ஒவ்வொரு திவசத்திலும் படையல் முடிய, சுட்டவனுக்காகவும் கும்பிடுவார். அந்த நம்பிக்கையில் நானும் எத்தனையோ இரவுகள் நித்திரை கொண்டிருக்கிறேன்.

ஸ்கோப்புக்குள் குடையின் பிடி தெரிந்தது. சுற்றிக் கட்டிய நாடாவும் அதன் பொத்தானும் தெரிந்தன. அவள் கன்னத்து மச்சம்கூடத் தெரிந்தது. எங்கள் வெளியும் அந்தத் தெருவளவு தூரம்தான். சினைப்பர்காரனின் துவக்கிலும் இப்படியொரு ஸ்கோப் பூட்டியிருந்திருக்கும். குடையைக் குடையென்று கண்டுதான் சுட்டிருக்கிறான் பாவி. அண்ணையின் முகத்தையும் பார்த்திருப்பான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மங்கலாக இருக்கிறதா?" என்று கேட்டபடி ஜாக் கைநீட்டி வளையத்தைத் திருகினான். குடை இன்னும் கிட்ட வந்தது. "இப்போது?"

"நல்லாத் தெரியுது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதையே வாங்கினோம்.

வீட்டில் அண்ணி பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குள்ளாலை பாத்தா ஆளைத் தெரியுமோ?"



"இல்லை அண்ணி. ஒரே புகார் மூட்டம்தான், ஒண்டும் தெரியாது."

"ஓம், நான் அப்பவே சொன்னனான். குடையெண்டு கண்டிருந்தா அந்தப் பெடியன் சுட்டிருக்கமாட்டான்."

நாங்கள் பேசுவது விளங்காமல் ஜாக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். அண்ணியும் சிரித்தார். நான் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிரித்துவைத்தேன்.