இரண்டாவது ப்ராசஸர் விழித்த கதை

அலுவலகத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நோயாளிகளுக்கு மூச்சு கொடுக்கும் கருவியின் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை.

புதிய மாடலில் இரண்டு ப்ராசஸர்கள். ஒன்று காற்றைக் கவனிக்க, இன்னொன்று அலாரத்தைக் கவனிக்க. வெள்ளிக்கிழமை கருவி மருத்துவமனைக்குப் போகவேண்டும். அதற்கு அவள் கையெழுத்து வேண்டும். டெஸ்ட் எல்லாம் பாஸ், திரை முழுக்கப் பச்சை. மேனேஜர் கேக் வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

அவள் மட்டும் கருவிக்குள் இருந்த சர்க்யூட் போர்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு ப்ராசஸர் சுட்டது. பக்கத்தில் இருந்தது சில்லென்று கிடந்தது. தான் பாத்திரம் தேய்க்கும்போது சோபாவில் சாய்ந்திருக்கும் கணவர்தான் அவள் நினைவுக்கு வந்தார்.

நடந்தது இதுதான். டெஸ்டுகளை பில்ட் செய்யும், அதாவது ஓடக்கூடிய புரோகிராமாகத் தொகுக்கும், செட்டிங்கைப் பழைய மாடலிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். பழையதில் ஒரே ப்ராசஸர் என்பதால், ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஓட்டும் வசதி அதில் அணைந்தே கிடந்தது. அது அணைந்திருந்தால், இரண்டும் சேர்ந்து ஓடுவதைச் சோதிக்கும் டெஸ்டுகள் பில்டிலேயே சேராது. பரீட்சைக்கே போகாத பிள்ளை ஃபெயிலாகவில்லை என்று கேக் வெட்டுகிற கூத்து!

அவள் அந்த வசதியைப் போட்டுவிட்டு டெஸ்டுகளைத் திரும்ப பில்ட் செய்தாள். இரண்டாவது ப்ராசஸர் அசையவில்லை. டெஸ்டுகளை மட்டும் மாற்றினால் போதாது, அடியில் ஓடும் இயங்குதளத்தையும் அதே செட்டிங்கில் பில்ட் செய்யவேண்டும் என்பது மறுநாள்தான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு, பழையதை எல்லாம் துடைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்து மேஜை புரோகிராமர் பெருமூச்சு விட்டுப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது ப்ராசஸர் சூடானது. டெஸ்டுகள் ஓடின, அலாரம் டெஸ்ட் பாதியில் உறைந்து நின்றது.

"டெஸ்ட்லதாம்மா நிக்குது. ஆஸ்பத்திரியில அப்படியெல்லாம் ஆகாது. கையெழுத்தப் போடு," என்றார் மேனேஜர்.

அவளுக்கும் பயம்தான். வேலை போனால் என்ன செய்வது? ஆனாலும் கருவியைத் தூக்கிவந்து அவர் மேஜைமேல் வைத்தாள். அதோடு மாட்டியிருந்த ரப்பர் நுரையீரல் உப்பி உப்பி அடங்கியது. டெஸ்ட் உறைந்த அதே கட்டம் வந்ததும் குழாயைப் பிடுங்கினாள். நுரையீரல் சுருங்கிப் படுத்தது. அலாரம் வாயைத் திறக்கவில்லை.

"சத்தம் வரட்டும் சார். அப்புறம் போடறேன்."

மேனேஜர் அந்தச் சுருங்கிய ரப்பரைப் பார்த்தபடியே மருத்துவமனைக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை வராது என்றார்.

இரண்டு ப்ராசஸரும் மற்றதற்கு வேண்டிய தகவலை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, 'நீ முதலில் விடு' என்று ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றிருக்கின்றன. அந்த முடிச்சைக் கண்டுபிடித்து அவிழ்க்க, பெருமூச்சு விட்ட அதே புரோகிராமருக்கு அடுத்த வாரம் முழுக்கப் பிடித்தது. அவள் மறுபடி குழாயைப் பிடுங்கினாள். அலாரம் வீறிட்டது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள்.

"நிறுத்தும்மா, காது கிழியுது," என்றார் மேனேஜர்.

"இருங்க சார். இன்னும் கொஞ்சம் கேக்கறேன்," என்றாள் அவள், பேனாவைத் திறந்துகொண்டே.