பூஜைக்கு நின்ற மூன்றாம் நம்பர்

காஹாங் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி உலகப்பன் நடத்தும் சவாரி நிலையத்தில் ஒன்பது ஏடிவி வண்டிகள் இருந்தன. நான்கு கொழுத்த டயர்கள், மோட்டார்சைக்கிள்போல் ஒரு கைப்பிடி, சேறு பள்ளம் எதையும் மதிக்காத நடை. வாரக் கடைசியில் ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் அவற்றில் ஏறிச் செம்மண் பாதை வழியே ஆற்றைக் கடந்து திரும்புவார்கள். உடம்பெல்லாம் சேறாகி, சிரித்துக்கொண்டே அவர்கள் இறங்கிப் போன பிறகுதான் புஷ்பவள்ளியின் வேலை தொடங்கும்.

புஷ்பவள்ளி சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அங்கே செம்பனைக் குலை வெட்டினார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் சினாய் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய், காற்றாடி மோட்டார்களுக்குத் திருகாணி முடுக்கும் வேலையில் சேர்ந்தாள். முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து, அதைப் பக்கத்து இரும்புவரை நீட்ட வேண்டும் என்பது அங்கே விதி. கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. முறிந்து நின்றால் தளர்ந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். புஷ்பவள்ளி, குலை லோரி ஓட்டும் கணவன் மனோகரனோடு காஹாங்குக்கு வந்து, உலகப்பனிடம் டிக்கெட் கிழிக்க உட்கார்ந்தாள்.

குளுவாங்கிலிருந்து மெக்கானிக் மாதம் ஒருமுறைதான் வருவார். இடையில் ஒருநாள் மூன்றாம் நம்பர் வண்டியின் முன்சக்கரம் லேசாக ஆடுவதைக் கண்டு, இவளே நட்டை முடுக்கிக் கோடு போட்டாள். மறுவாரம் மற்ற எட்டுக்கும் போட்டாள். பிறகு மெக்கானிக் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு, முதன்முதலாகத் தானே ஒரு என்ஜினின் பக்கமூடியைக் கழற்றி, பெல்ட் மாற்றி, ஒரு திருகாணியும் மிச்சமில்லாமல் திரும்பப் பூட்டியது அதே மூன்றாம் நம்பரில்தான். அன்றைக்கே உலகப்பன் டிக்கெட் வேலைக்கு வேறு ஆள் தேடினார்.

அவள் கவனிப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சேற்றைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில்தான் கழுவுவாள். சக்கரத்தின் நடுவிலும் என்ஜின் மூடியின் இடுக்கிலும் தண்ணீரைப் பாய்ச்சமாட்டாள். கழுவியதும் என்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு ஈரத்தை விரட்டுவாள். காற்றுவடிகட்டியின் பஞ்சைச் சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவைத்து, எண்ணெய் தொட்டுப் பிழிந்து போடுவாள். "மாட்டைக் குளிப்பாட்டினா போதுமா, துவட்ட வேணாமா?" என்பாள்.

அந்த மூன்றாம் நம்பருக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. எல்லாவற்றிலும் பழையது. பள்ளிவிடுமுறையின்போது இரண்டு தடவை நடுவழியில் நின்று, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரும்படி ஆயிற்று. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். உலகப்பன் பழைய இரும்பு வாங்குகிறவனிடம் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை லோரி வரும். புஷ்பவள்ளி மன்றாடியதில் ஒரு சலுகை கிடைத்தது: ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் கயிறு இல்லாமல் திரும்பிவந்தால் லோரி வேண்டாம்.

இடையில் சனிக்கிழமை ஆயுத பூஜை.

அன்று காலை பூவும் பழமும் வாங்கக் குளுவாங் போனவள் திரும்பிவந்தபோது பூஜையே முடிந்திருந்தது. மாலையில் நேரம் சரியில்லை என்று, உலகப்பனின் மனைவி அன்னபூரணி ஆச்சி வீட்டுத் தோட்டத்துப் பூவை வைத்தே முன்கூட்டி நடத்திவிட்டார். ஒன்பது வண்டிகளும் சந்தனம் குங்குமத்தோடு, சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து வரிசையாக நின்றன. சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் ஸ்பேனர்கள், சாக்கெட்டுகள், சுத்தியல், காற்றடிக்கும் பம்பு எல்லாமே பொட்டு வைத்துப் படுத்திருந்தன.

மூன்றாம் நம்பர் மட்டும் மற்றவற்றைவிடப் பளபளத்தது. புஷ்பவள்ளி பூப்பையைக் கீழே வைத்துவிட்டு அதனருகே போனாள்.

"யாரு கழுவினது இத?"

"நான்தான்க்கா," என்றான் வழிகாட்டி ஜீவன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனால் பாராட்டுக்கு ஏங்குவதில் மூன்றாவது பிள்ளை. "மத்த எட்டும் நீங்க நேத்தே கழுவிட்டீங்க. இது ஒன்னுதான் சேறா நின்னுச்சு. கார் கழுவற கடையில தண்ணி பீச்சற ஜெட் மெஷின் வாங்கியாந்து அடிச்சேன். ஒரு பொட்டு மண்ணு இல்ல பாருங்க."

"அடிச்ச பிறகு ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டியா?"

"விடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஆச்சி சந்தனம் வச்சிட்டாங்களே. பொட்டு வச்ச வண்டிய எப்படிக்கா ஸ்டார்ட் பண்றது?"

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தாள் புஷ்பவள்ளி. ஜெட் வேகத்துக்குப் பெல்ட் ஓடும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். விடியும்வரை ஊறினால் நாளைக்குப் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் கயிறு. கயிறு என்றால் லோரி.

ஆச்சி சாமி படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"ஆச்சி, மூனாம் நம்பர் வயித்துல தண்ணி நிக்குது. தொறக்கணும்."

"நாளைக்குக் காலையில ஆரத்தி எடுத்துட்டுத் தொற. ஒரு நாளாவது அத சும்மா விடேன் புஷ்பா. அதுக்கும் ஓய்வு வேணாமா?"

"காய்ச்சல்காரன விரதம் இருக்கச் சொல்வீங்களா ஆச்சி?"

ஆச்சி மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். "மருந்து சாப்பிடலாம். அதுக்கு விலக்கு உண்டு."

"இதையும் மருந்துன்னு வச்சிக்கிடுங்க."

"சரி. ஆனா என்ஜின் உறுமக் கூடாது. பழம் நகரக் கூடாது. கும்பிட்ட சாமான்ல கைவைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

கும்பிடாத சாமானுக்கு எங்கே போவது? புஷ்பவள்ளி சாலையைக் கடந்தாள். எதிரில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மலாய்க்காரப் பெரியவர் ரசாக் பாக்சிக்கிடம் சாக்கெட் பெட்டி கேட்டாள்.

"உன்னோடது எங்கே?" என்று அவர் மலாயில் கேட்டார்.

"சாமி முன்னால படுத்திருக்கு பாக்சிக். நாளைக்குத்தான் எழுந்திரிக்கும்."

"நல்ல முதலாளி. சுத்தியலுக்கே லீவு குடுக்கறாரு," என்று சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

வண்டியை அசைக்காமல், பக்கத்தில் மல்லாந்து படுத்து, பெல்ட் பெட்டியின் அடியில் நீர் வடிவதற்கென்று இருந்த திருகாணியைக் கழற்றினாள். தேத்தண்ணி நிறத்தில் நீர் கொட்டியது. ஆச்சி எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்.

"அடி ஆத்தி! இவ்வளவா குடிச்சிருக்கு?"

மூடியைக் கழற்றி, பெல்ட்டை உருவித் துடைத்தாள். அது ஓடும் இரண்டு சக்கரங்களையும் உலர்ந்த துணியால் ஒற்றினாள். காற்றுவடிகட்டியின் பஞ்சைப் பிழிந்து கொடியில் போட்டாள். ஆச்சி யாரும் சொல்லாமலே சாமி படத்துக்கு வீசிக்கொண்டிருந்த காற்றாடியைத் தூக்கிவந்து வண்டியின் பக்கம் திருப்பிவைத்தார். "சாமி கோவிச்சுக்காது. அங்க குளிராத்தான் இருக்கு," என்றார்.

மறுநாள் காலை ஆரத்தி முடிந்து, அவள் கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டியதும், பழங்களை நசுக்கி வண்டிகள் வெளியே வந்தன. மூன்றாம் நம்பர் இருமிவிட்டுத்தான் பிடித்தது. உலகப்பன் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, இத இன்னிக்கு வந்தவங்களுக்குக் குடுக்க வேணாம். எனக்கு முழு நம்பிக்கை இல்ல," என்றாள் புஷ்பவள்ளி.

"அப்ப நீயே ஓட்டு. வரிசையில கடைசியா வர்ற ஆளு பூஜைக்கு ஊருக்குப் போயிட்டான். பின்னால நீ போ."

இத்தனை ஆண்டில் அவள் வண்டியை வாசல் கேட்டுக்கு அப்பால் ஓட்டியதே இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

முன்னால் ஜீவன், நடுவில் ஏழு பேர், கடைசியில் இவள். செம்பனை நிழலுக்குள் போகப் போக, காதால் மட்டும் அறிந்த சத்தங்கள் கைக்கும் முதுகுக்கும் வந்து சேர்ந்தன. மூன்றாம் நம்பர் ஆற்றைச் சுலபமாகக் கடந்தது. கரையேறும் செம்மண் மேட்டில்தான் வந்தது வினை. என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. ரப்பர் தீயும் வாடை.

மேட்டின் உச்சியிலிருந்து ஜீவன் கத்தினான். "அக்கா! கயிறு எடுத்தாரவா?"

"கயித்தத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!"

கியரை நடுவில் போட்டு, என்ஜினை மட்டும் சீராக ஓடவிட்டாள். ஆற்றைக் கடக்கையில் பெல்ட் பெட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். சூட்டில் ஆவி கிளம்பியது. மேலே நின்றவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுப்பது தெரிந்தது. அவள் அவசரப்படவில்லை. வாடை தணிந்ததும் தாழ்ந்த கியரில் போட்டு, பிடியைப் பூப்போலத் திருப்பினாள். டயர் மண்ணைக் கவ்வியது. வண்டி முனகிக்கொண்டே ஏறியது. மேலே கைதட்டினார்கள்.

திரும்பிவந்ததும் உலகப்பன் கயிறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். "எப்படி?"

"சூப்பர் முதலாளி! ஒரு குறையும் இல்ல," என்று ஜீவன் முந்திக்கொண்டான்.

"ஒரு தடவ வழுக்குச்சு," என்றாள் புஷ்பவள்ளி. "ஆத்து மேட்டுல. காயவிட்டு ஏத்துனேன். பெல்ட் தேஞ்சிருக்கு. முன்னால வலது சக்கரத்து பேரிங்கும் கரகரங்குது."

ஜீவன் அவளை முறைத்தான். ஆச்சிதான் வாயைத் திறந்தார். "இத்தனையும் சொல்றவ ஓட்டுற வண்டிக்குப் பின்னால நான்கூட உக்காந்து போவேன்."

"நீ உக்காந்தா டயர் வெடிக்கும்," என்றார் உலகப்பன். பிறகு மூன்றாம் நம்பரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "இனிமே இது வாடகைக்கு இல்ல. கடைசியா போற வண்டி. ஓட்டறது நீதான்."

நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்ல, கைப்பேசியை எடுத்துப் பழைய இரும்பு லோரிக்காரனை அழைத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே புஷ்பவள்ளி குனிந்து சக்கரத்தைச் சுழற்றிக் காதுவைத்துக் கேட்டாள்.

"முதலாளி, அப்படியே மெக்கானிக்குக்கும் அடிச்சு, பேரிங் ரெண்டா கொண்டாரச் சொல்லுங்க. வலதுக்கு மட்டும் போட்டா இடது சீக்கிரம் போயிரும்."